சுவரைப் பார்த்து நின்ற பையன்கள்

மாதவிடாய் பற்றிய பாடத்தைப் பையன்களுக்கும் சேர்த்தே எடுத்ததற்காக, நன்னெறி ஆசிரியை பிரகாசியம்மாளிடம் பெற்றோர் மூன்று பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மறுவாரம் அவர் வகுப்பில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மாணவி ஜெசிந்தாவின் சுடிதாரில் கறை தெரிந்தது. அது அவளுக்கும் தெரிந்துபோக, சாக்பீஸோடு உறைந்து நின்றாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சு வியான்னி எழுந்து பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஒவ்வொருவராக எல்லாப் பையன்களும் திரும்பினார்கள். தோழி ஒருத்தி தன் துப்பட்டாவை ஜெசிந்தாவின் இடுப்பில் சுற்றி வெளியே கூட்டிப்போனாள்.

வராந்தாவில் வந்த தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். “என்ன டீச்சர், பசங்களுக்கு மொத்தமா தண்டனையா?”

“இல்ல ஃபாதர். நான் ஒண்ணுமே சொல்லல. அவங்களாவே திரும்பிக்கிட்டாங்க” என்றார் பிரகாசியம்மாள். அந்த முதுகுகளிலிருந்து கண்ணை எடுக்க அவருக்கு மனமே வரவில்லை.