சாரல் காலத்துக் காய்ச்சல்

கிருமி புகுந்தால் உடம்பின் செல்கள் எப்படிப் போராடும் என்பதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் ஜெஸியின் ஆராய்ச்சி. தென்காசி வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்வாள். அந்தக் கணினி உடம்பை, போன வருஷம் காய்ச்சலில் இறந்த அண்ணன் கிங்ஸ்லியின் ரத்த மாதிரியிலிருந்து உருவாக்கியிருந்தாள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதிலிருந்து, திரையில் அந்த உடம்பின் காய்ச்சல் கோடு தினமும் காலையில் இறங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. அப்படி இறங்க அவள் நிரலில் எதையும் எழுதவில்லை.

ஒரு காலை, கோடு இறங்கியதும் அம்மாவிடம் காட்டினாள்.

"அருவியில தண்ணி விழுதுல்லா, காய்ச்சலோட குளிக்கப் போயிருக்கான். சொன்னா எங்க கேக்கான்?" என்ற அம்மா, காய்ந்த துண்டு ஒன்றை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள்.

கோடு ஏறியதும் ஜெஸி துண்டை மடிக்க எடுத்தாள். பிழியலாம் போல நனைந்திருந்தது.