பெருவிரல் பள்ளம்

"தம்பி, பிடி புதுசாப் போடு. ஆனா இந்தப் பெருவிரல் பள்ளம் மட்டும் அச்சு அசலா அப்படியே வேணும்."

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கத்திகளுக்குச் சாணை பிடித்து, பிடியும் மாற்றித் தருகிறவன் மாரிசெல்வம். அவன் கடை மேஜையில் பழைய மடக்குக் கத்தியை வைத்தான் அழகுராஜா. கொம்புப் பிடி நீளவாக்கில் வெடித்திருந்தது.

"யாரு கத்தி அண்ணாச்சி?"

"எங்கப்பாவோடது. போன வருசம் தவறிட்டாவ. அடுக்களை மாடத்துலயே கெடந்து வெடிச்சுப் போச்சு."

மாரிசெல்வம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவிய இடது கைக்காரவியளோ?"

"இல்லையே. ஏன்?"

"இடது கையால பிடிச்சு வெட்டுனாத்தான் பள்ளம் இந்தப் பக்கம் விழும். மறுபக்கம் மாத்திப் போட்டுத் தரவா? உங்களுக்குத் தோதா இருக்கும்."

"ஐயோ, வேண்டாம்! அவிய எப்படிப் பிடிச்சாவளோ, யாரு கண்டா? அப்பா விரல் பட்டுத் தேஞ்ச இடம் தம்பி அது. அதை மாத்திட்டா எனக்கு இது வெறும் இரும்பு."

மாரிசெல்வம் அரத்தை எடுத்தான். அழகுராஜாவால் சும்மா இருக்க முடியவில்லை. அப்பா பால்ச்சாமி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருந்த மனிதர். திட்டுவதற்கு மட்டும் தாராளமாகத் திறப்பார்.

"முந்தின நாள் என்னைய வெளுத்து வாங்கியிருப்பாவ. மறுநாள் நான் எந்திரிக்கு முன்னாடியே தோப்புக்குப் போயிருவாவ. ஆனா டப்பா நெறைய மாங்காக் கீத்து இருக்கும். உப்பும் வத்தப்பொடியும் தூவி, எம்புட்டு மெல்லிசா இருக்கும் தெரியுமா! 'அப்பா வெட்டி வச்சிட்டுப் போனாவ, பள்ளிக்கூடத்துல தின்னு'ன்னு அம்மா நீட்டுவா. என் கோவமெல்லாம் பறந்துரும்."

அழகுராஜா மேஜைப் பக்கம் இன்னும் நெருங்கி நின்றான்.

"நேத்து எம்மகளைக் கண்டபடி ஏசிட்டேன். மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கா. எனக்கும் எங்கப்பா மாதிரிதான், சமாதானம் பேச வராது. அதான் இந்தக் கத்தி."

"அப்பச் செத்த நேரம் உக்காருங்க. இப்பவே முடிச்சுத் தாரேன்."

மறுநாள் காலை. ராஜபாளையத்து வீட்டு அடுக்களையில் மாங்காயும் கையுமாக மல்லுக்கு நின்றான் அழகுராஜா. புதுப் பிடியில் பள்ளம் அப்படியே இருந்தது. ஆனால் அவன் கைக்குக் கத்தி படியவே இல்லை. கீற்றாக விழ வேண்டியதெல்லாம் கட்டை கட்டையாக விழுந்தது. வாசலில் மகள் கார்த்திகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வண்டிக்காக நின்றாள்.

"கொண்டா இங்க. வண்டி வந்துரும்லா" என்றாள் அவன் அம்மா சுந்தரம்மாள்.

அம்மா காய் நறுக்குவதெல்லாம் அரிவாள்மணையில்தான். அவள் கையில் கத்தி எடுத்து அவன் பார்த்ததே இல்லை. வாங்கியவள் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பெருவிரல் பள்ளத்தில் போய்த் தானாக உட்கார்ந்தது. குனிந்துகூடப் பார்க்காமல் சீவினாள். அவன் பள்ளிக்கூட டப்பாவில் இருந்த அதே மெல்லிய கீற்றுகள் விழுந்தன.

உப்பும் வத்தப்பொடியும் தூவி, டப்பாவை மூடி, வாசலுக்குப் போய்ப் பேத்தியிடம் நீட்டினாள் சுந்தரம்மாள்.

"இந்தாட்டி. உங்கப்பன் வெட்டி வச்சிருக்கான், பள்ளிக்கூடத்துல தின்னு."