தனிக் கார்டு வேண்டாம்

"கிராபிக்ஸ் கார்டு தனியா போடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க," என்றான் அவன்.

நிர்மலா பதில் சொல்லுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் முதலாளி ராஜாங்கம் போனைக் காதில் வைத்திருந்தார். பேச்சு என்னவோ போனில், கண் முழுக்க இவள் மேல்.

விற்பனை நாற்காலியில் அவளுக்கு இது முதல் நாள். இவ்வளவு காலமும் இந்தக் கம்ப்யூட்டர் கடையின் பின்பக்கம் பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தவள். காலையில் ராஜாங்கம் முன் நாற்காலியிலிருந்த கலையரசியைப் பில் போடும் மேசைக்கு மாற்றிவிட்டு, இவளை அங்கே உட்காரவைத்தார்.

"இன்னிக்கி வர்ற மொத பார்ட்டிய வெறுங்கையோட அனுப்பிடாத. அனுப்புனா மறுபடியும் மை டப்பாதான், சொல்லிட்டேன்."

கலையரசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! ஆனால் நிர்மலாதான் என்ன செய்வாள்? மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டப் போகிற அப்பாவிடம், 'நான் இப்ப சேல்ஸ்ல இருக்கேன்' என்று சொல்ல அவளுக்கும் ஆசை இருக்காதா?

அந்த முதல் பார்ட்டிதான் இவர்கள். பையன் தன் பெயர் தமிழழகன் என்று கேட்காமலே சொன்னான். கூட அவன் அம்மா ராணியம்மாள். வீட்டு ஹாலில் பெரிய டிவி இருக்கிறதாம். அதோடு சேர்த்துவைத்துப் படம் பார்க்க மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். தங்கை கல்யாண வீடியோ ஃபோர்-கே. பழைய கம்ப்யூட்டரில் போட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாராம்.

ராணியம்மாள் கம்ப்யூட்டர் பக்கமே பார்க்கவில்லை. வந்ததிலிருந்து நிர்மலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை, "அந்தக் கடைசி தட்டுல இருக்குதே, அத எடுத்தாந்து காட்டும்மா" என்றார். எடுத்துவந்தால் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே ஏமாற்றிவிடுவாளோ என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார் என்று நினைத்தாள் நிர்மலா.

"கேம் ஆடுவீங்களா சார்?"

"இல்லிங்க. படம் மட்டுந்தான்."

"அப்ப தனிக் கார்டு வேணாம் சார். இந்தப் புது பிராசஸருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்குது. ஃபோர்-கே படத்த அதுவே நிக்காம ஓட்டிடும். கார்டு போட்டா சூடு ஜாஸ்தி. அதுக்குன்னு ஒரு ஃபேன் வேற, நீங்க படம் பாத்துக்கினு இருக்கும்போது கொய்ங்னு கத்திக்கினே கெடக்கும்."

கண்ணாடிக் கதவு திறந்தது. ராஜாங்கம் ஒரு கார்டுப் பெட்டியோடு வெளியே வந்தார். மாதக்கணக்கில் விலை போகாமல் கிடக்கும் பெட்டி அது.

"இன்னாம்மா சொல்ற? கார்டு இல்லாம இன்னா ஹோம் தியேட்டரு? சாருக்கு இதப் போட்டுக் குடு."

போச்சு! 'ஆமாங்க' என்று ஒரு சொல் சொன்னால் நாற்காலி அவளுக்கு. அதுதான் வாயில் வரமாட்டேன் என்றது.

"வேணாங்க சார். இவங்க வூட்டுக்கு அது தேவையில்ல."

ராஜாங்கத்தின் முகம் கறுத்தது. தமிழழகன் பெட்டியைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், கடைசியில் இவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். முதல் சிரிப்பு.

"நீங்க சொல்றதே சரிங்க. ரேம் எவ்ளோ போடலாம்?"

அவள் சொன்னாள். அவன் அடுத்ததைக் கேட்டான். அதற்கும் சொன்னாள். கம்மி விலையில் இதே மாதிரி இன்னொரு பிராசஸர் வரும், அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, டிவியில் படமே வராது, யார் சொன்னாலும் வாங்கிவிடாதீர்கள் என்று எச்சரிக்கையும் செய்தாள். பக்கத்தில் முதலாளி நிற்பதே மறந்துபோயிற்று. இவ்வளவு நேரம் ஒருத்தன் குறுக்கே பேசாமல் அவள் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவனைப் பிடித்திருந்தது அவளுக்கு. சும்மா மழுப்புவானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

ராணியம்மாள் எழுந்தார். "கம்ப்யூட்டர அப்பறம் பாத்துக்கலாம், வா."

அவ்வளவுதான். நிர்மலாவின் நாற்காலி போயிற்று.

ஆனால் ராணியம்மாள் வாசலுக்குப் போகவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, பையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கோவிச்சிக்காத கண்ணு. நாங்க பொருள் வாங்க வரல. போட்டோல்லாம் வேணாம், கடையில மொத நாற்காலியில பொண்ணு இருக்கும், கஸ்டமர் மாதிரி நேர்ல போயி பாத்துட்டு வாங்கன்னு கல்யாணத் தரகர் சொன்னாரு. மொதலாளியே சொல்லியும் நீ பொய் சொல்லல பாரு, எனக்கு மனசு நெறஞ்சிபோச்சி. வெள்ளிக்கெழம நைனார்பாளையத்துக்கு வந்து ஒங்கப்பாகிட்ட பேசுறோம், கலையரசி."

பில் போடும் மேசையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

நிர்மலா கையிலிருந்த பூவைப் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. பூவை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"அது நான் இல்லம்மா," என்றாள். "கலையரசி அதோ அங்க இருக்காங்க. இன்னிக்கித்தான் எங்க எடத்த மாத்துனாங்க."

ராணியம்மாள் திடுக்கிட்டு பில் மேசைப் பக்கம் திரும்பினார். ராஜாங்கமும் திரும்பினார்.

தமிழழகன் திரும்பவே இல்லை.