ஆறாவது தகடு

அடுத்த வீட்டு மங்கையற்கரசி மாமி ரப்பர்த் தகட்டை மேசையில் வைக்கவில்லை; போட்டாள்.

நடுவால் கிழிந்திருந்தது. உள்ளே ஒட்டியிருந்த செப்பு நாடா வெளியே தொங்கியது. இறால் நாற்றம் வேறு.

"வளைக்கிற சாமான் எண்டு தந்தியே புள்ள, ஒரு கிழமைக்கு நிண்டு பிடிக்கல்லியே. இந்த மூலையை மடக்கினா போன் எடுபடுது, சரி. மற்ற மூலையில தெரியாமக் கை பட்டாலும் கட் ஆகுது. எங்கட மனிசன் தோணியில இருந்து எடுத்த போன் கோலை மூண்டு தரம் வெட்டிப் போட்டன். அந்தாள் கரைக்கு வந்து எனக்கு ஏசுது. பெருவிரல் வைக்கிற இடம் வழுக்குது. இதைச் செய்த நீ ஒருநாளாவது இறால் உரிச்சிருக்கியா?"

படலை வரைக்கும் ஏசிக்கொண்டே போனாள்.

றெபேக்கா தொங்கிய நாடாவை உள்ளே தள்ளிப் பார்த்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அவள் ஆராய்ச்சி மாணவி. மீன் கையும் மாக் கையுமாக நிற்கிற பெண்கள் போனைத் தொடாமலே, ஒரு ரப்பர்த் தகட்டை வளைத்துப் பேச வழி செய்வதுதான் ஆராய்ச்சி. எட்டு மாதமாக அம்மாவின் கேக் தட்டில் ரப்பர் வார்த்து, பிய்ந்ததை எறிந்து, மறுபடி வார்த்து, ஆறே ஆறு தகடு தேறியது. நாவற்குடாவில் தன் வீட்டையும் சேர்த்து ஆறு வீட்டுக்குக் கொடுத்தாள். பாவித்துப் பார்த்த விபரத்தை நாளைக்குப் பேராசிரியரிடம் கொடுக்காவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

மற்ற ஐந்தும் பெட்டியில் இருந்து எடுத்த புதுச் சீலை மாதிரி வந்து சேர்ந்தன. நிருஷா ரீச்சர் பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்து, வெளிநாட்டுச் சாமான்கூட இப்படி வராது என்றார். அம்மா செசீலியா அதற்கும் ஒரு படி மேலே. தன் பிள்ளையின் கைவேலையில் குறை சொல்லுகிறவளின் நாக்கு அழுகும் என்றாள்.

சாமானின் அருமை தெரியாத மனுசியிடம் கொடுத்தது தன் பிழைதான் என்று, றெபேக்கா படிவத்தில் ஆறாவது பெயரை வெட்டினாள். பக்கத்தில், 'கவனயீனம், சேர்க்க வேண்டாம்' என்று எழுதினாள். ஐந்து பேர் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு தகடுகளை ஒவ்வொன்றாக மடிக்கணினியில் பொருத்தினாள். எத்தனை தரம் வளைத்தார்கள் என்று உள்ளே ஒரு சிப் எண்ணி வைத்திருக்கும். கொடுக்கும்போதே சொன்னதுதான், யார் காதில் விழுந்தது?

நிருஷா ரீச்சர், பூச்சியம்.

அடுத்ததும் பூச்சியம். அதற்கடுத்த இரண்டும் அப்படியே.

ஐந்தாவது அம்மாவுடையது. அதுவும் பூச்சியம்.

"அம்மா, ஒருக்காக்கூட வளைக்கல்லியா?"

"பாடுபட்டுச் செய்த சாமான், கிழிஞ்சு போனா என்ன செய்யிற புள்ள? மாதா படத்துக்கு முன்னால வெச்சு, நீ பாஸாகோணும் எண்டு தினமும் செபம் சொன்னன்."

றெபேக்கா படிவத்தை மறுபடி எடுத்தாள். வெட்டிய பெயரைப் பார்த்தாள். இறால் நாறிய தகட்டைத் துடைத்து, சிப்பைத் தனியே கழற்றிப் பொருத்தினாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.

கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படலையைத் தட்டினாள்.

"மாமி, காலையில ஏசினதை முதல்ல இருந்து இன்னொருக்கா ஏசுங்க. எழுதோணும்."