இங்வில்டின் இருமல்

சுனீவா கிளாரினெட்டை வாயில் வைத்து நாலு வரிகூட வாசித்திருக்க மாட்டாள். முன்வரிசையிலிருந்து இங்வில்ட் இருமினாள்.

சாதாரண இருமல் இல்லை. கூரை அதிரும் இருமல். அடங்கியது போலிருந்து மறுபடியும் கிளம்பியது.

சுனீவாவின் விரல்கள் தடுமாறின. வாசிப்பு நின்றே போனது.

பெர்கன் நகரத்து இசைப் பள்ளி மொத்தமும் அரங்கில்தான் இருந்தது. இந்தப் போட்டியில் ஜெயிக்கிறவள் நகர இசைக்குழுவோடு மேடையேறித் தனியாக வாசிப்பாள். கடைசிச் சுற்றில் இரண்டே பேர். இங்வில்ட் ஏற்கெனவே வாசித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்கு இருமல் இப்பத்தான் வரணுமா?" யாரோ சொன்னது மேடை வரை கேட்டது.

"எதிர்ல நிக்கிறவளைக் கவுக்க இப்படியும் ஒரு வழி!"

இங்வில்ட் தலையைக் குனிந்துகொண்டாள்.

நடுவர் தோரூன் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மேல தப்பில்ல சுனீவா. தண்ணி குடிச்சிட்டு முதல்லேர்ந்து வாசி."

குடித்தாள். நெஞ்சில் எரிந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. 'இருடி, காட்டறேன்.' நிதானமாக மூச்சை இழுத்து ஊதினாள்.

இந்த முறை குழல் அவள் சொல்படி கேட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. குழைய வேண்டிய இடத்தில் குழைந்தது. எல்லோரும் பயப்படும் அந்த நீண்ட ஸ்வர ஓட்டத்தை ஒரே மூச்சில் கடந்து உச்சியில் போய் நின்றாள்.

அரங்கமே எழுந்தது. கூட பியானோ வாசித்த ஓட்வாரும் எழுந்து தட்டினான்.

வெற்றி சுனீவாவுக்கு!

பூங்கொத்தும் கையுமாக நேரே இங்வில்டிடம் போனாள். ஓட்வார் பின்னாலேயே ஓடினான்.

"வெக்கமா இல்லையாடி உனக்கு? கவுக்கப் பாத்தியே, கவுந்தேனா?"

இங்வில்ட் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "முதல் தடவை என்ன வேகத்துல ஆரம்பிச்சே, தெரியுமா?"

"என்ன வேகம்?"

"தலை தெறிக்கிற வேகம். ஓட்வார் பாவம், உன்னைத் துரத்திக்கிட்டு வந்தான். அப்படியே போயிருந்தா அந்த ஓட்டத்துல பாதியிலயே உனக்கு மூச்சு முட்டியிருக்கும். தினமும் பக்கத்து ரூம்ல உக்காந்து கேக்கறவ நான், எனக்குத் தெரியாதா?"

சுனீவா ஓட்வாரைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"அப்படி ஆகியிருந்தா..." சுனீவாவின் குரல் இறங்கிப்போனது. "நீதானே ஜெயிச்சிருப்பே?"

"உன்னை ஜெயிக்கத்தான் வந்தேன்," என்றாள் இங்வில்ட். "உன் பயத்தை ஜெயிச்சு நான் என்னடி பண்ண?"