அறுபத்தெட்டு கிராம்

பெட்டியில் உதிரி உதிரியாக வந்த, பாறை ஏறும் ரிமோட் பொம்மை ஜீப்பை அத்தான் பாதிதான் பொருத்தியிருந்தார். அதற்குள் மலைப்பாதையில் தன் நிஜ ஜீப்போடு உருண்டு செத்துப்போனார். மீதியை அவர் மனைவியின் தம்பி பொருத்தி முடித்தான். அவர் விழுந்த இடத்தில் அதை வைத்துவிட்டு வர அக்கா இன்று கிளம்பிக்கொண்டிருந்தாள்.

தம்பி அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தான். பாகங்களின் மொத்தக் கணக்கைவிட அறுபத்தெட்டு கிராம் கூடுதல். பாறையில் பிடிப்புக்காகச் சக்கரங்களுக்குள் வைக்கும் ஈயத்துண்டுகளை இரண்டு முறை ஒட்டித் தொலைத்துவிட்டோமோ என்று நான்கையும் கழற்றினான். எல்லாம் சரியாகவே இருந்தன.

"இந்தப் பொம்மையில ஒரு கிராம்னா நிஜத்துல ஒரு கிலோன்னு உங்க அத்தான் சொல்வாரே," என்று அக்கா சிரித்தாள். "அவர் எடை அறுபத்தெட்டுதான். மனுஷன் உள்ள ஏறி உக்காந்துட்டார் போல."

கார் சாவியோடு வாசலுக்குப் போனாள்.

சக்கரங்களை மாட்டி மறுபடி வைத்தான். இப்போது நூற்றுப் பத்தொன்பது கிராம் கூடுதல்.

"அக்கா, உன் எடை எவ்வளவு?"

"அம்பத்தொண்ணு. ஏன்டா?"

"இன்னைக்குப் போக வேணாம்க்கா."

"லூசு மாதிரி உளறாத. அவ்வளவு பயமா இருந்தா நீயும் கூட வா."

கார் உறுமியது. அவளைத் தனியாக விட அவனுக்கு மனம் வரவில்லை.

"இரு, வரேன்," என்றான்.

தராசில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது.