பேக்கரிக்குப் புது ஆள்

“இவங்க உங்களுக்கு என்ன சொந்தம் எண்டு மிஸ் கேட்டா, என்ன சொல்லுவீங்க?” என்று நபீலா கேட்டாள்.

மாப் பிசைந்துகொண்டிருந்த றஸாக்கின் கை நின்றது. “ஒரு சொந்தமும்... ஒண்டும்...” என்று இழுத்தார்.

“இப்படி முழுங்கினா பச்சப் புள்ளையும் சந்தேகப்படும். ‘ஆருமில்ல, மொதலாளி’ எண்டு டக்கெண்டு சொல்லணும்.”

“சரி, நீ... நீங்க கொஞ்சம் பேசாம இரிங்க. வரும்.”

விடிந்ததில் இருந்து இதே பாடம்தான். வந்தபாடில்லை.

நிந்தவூர் பிரதான வீதியில், உம்மா சீதனமாகக் கொடுத்த வீட்டின் முன்பக்கத்தில்தான் அவளுடைய பேக்கரி. வேலைக்கு ஆள் இல்லாமல், பாண் சுடும் போறணை பல மாதமாக மூடிக்கிடந்தது. கல்முனையில் பாண் வாங்கி விற்றதில் பஸ் காசுகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் இந்தத் திட்டம் வந்தது. சிறு கடைக்காரர் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால், ஆறு மாதத்துக்கு அவர் சம்பளத்தில் பாதியை அரசாங்கம் கொடுக்குமாம். ஒரே ஒரு நிபந்தனை. மனைவி கணவனையோ, கணவன் மனைவியையோ வேலைக்கு எடுத்ததாகக் காட்ட முடியாது.

அதைச் சரிபார்க்கத்தான் திட்ட அலுவலகத்தில் இருந்து இன்றைக்கு மிஸ் வருகிறார். அவருக்குச் சந்தேகம் வந்தால் பணம் வராது. பணம் வராவிட்டால் றஸாக்கை வைத்திருக்க முடியாது. அவருக்கும் வேறு வேலை இல்லை, அவளுக்கும் வேறு ஆள் இல்லை.

மகள் பாஹிமாவைக் காலையிலேயே சாச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அஞ்சு வயது வாய்க்குப் பூட்டுப் போட முடியாது.

கஜனி மிஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சிரித்துக் கதைத்துக்கொண்டே கடையின் எல்லா மூலையையும் பார்த்தார். போறணைச் சூட்டைப் பார்த்தார், தட்டில் அடுக்கியிருந்த, மீன் வைத்த மாலுபாணைப் பார்த்தார், திருப்தி என்றுதான் தோன்றியது. நபீலா மூச்சு விட்டாள்.

கெடுத்தது றஸாக்கின் தேத்தண்ணி. மிஸ்ஸுக்குச் சீனி போட்டு ஒன்று, நபீலாவுக்குச் சீனியில்லாமல் இஞ்சி தட்டிப்போட்டு ஒன்று, கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

கஜனி இரண்டு கோப்பையையும் பார்த்தார். “போன கிழமை வந்தவருக்கு முதலாளிட ருசியெல்லாம் தெரிஞ்சிருக்கு.”

தான்தான் சொல்லி வைத்ததாக நபீலா சமாளித்தாள்.

“இதுக்கு முதல் இங்க வேலை செஞ்சிருக்கீங்களா?” என்று கஜனி அவரிடம் கேட்டார்.

“சம்பளத்துக்குச் செய்யல்ல, மிஸ்.”

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நபீலாவுக்கு அழுகை வரும் போலிருந்தது.

கஜனியின் சிரிப்பு போய்விட்டது. “இவங்க உங்களுக்கு என்ன சொந்தம்?”

றஸாக் நிலத்தைப் பார்த்தார். “ஒரு சொந்தமும்...” என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் படலை அடித்துத் திறந்தது. சாச்சியின் கையை உதறிவிட்டு ஓடிவந்த பாஹிமா, மாக்கையோடு நின்ற அவருடைய சாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“வாப்பா!”

கஜனி பேனாவை மூடினார். கோபப்படக்கூட இல்லை. “புருஷனை வேலையாள் எண்டு காட்டின கடை இது முதலாவது இல்ல, அக்கா. எல்லாரும் இப்படித்தான் மாட்டுறாங்க” என்று எழும்பினார்.

நபீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். றஸாக்தான் மகளின் தலையில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.

“புள்ளைக்கு நான் வாப்பாதான், மிஸ். இவங்களுக்குத்தான் நான் ஆருமில்ல. காதியார் முன்னால தலாக்காகிப் பிரிஞ்சி, இத்தாக் காலமும் முடிஞ்சிட்டு. வீடு பொம்புளட, அதால நான் உடுப்புப் பையோட எங்கட உம்மாட வீட்ட போயிட்டன்.”

கஜனி பேனாவைத் திறந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

காலை முழுக்க அவள் சொல்லிக் கொடுத்தபடியே றஸாக் எங்கும் திக்காமல் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் நபீலாவால் முடியவில்லை.